கசிந்த கிண்ணமும் கம்பர்லேண்ட் பாறையும்: செவ்வாயில் கரிமம் தேடிய சாம் கருவி, ஒரு நிகழ்வு ஆய்வு

2012 இலையுதிர் காலத்தில் க்யூரியாசிட்டி ரோவர், செவ்வாயின் கேல் பள்ளத்தில் ராக்நெஸ்ட் என்று பெயர் வைத்த மணல் திட்டு ஒன்றின் அருகே பல வாரம் நின்றிருந்தது. காற்று கொண்டுவந்து குவித்த மணலை அள்ளி, சலித்து, அதில் ஒரு சிட்டிகைத் தூளைத் தன் உடலுக்குள் இருந்த சாம் என்ற வேதிக் கருவிக்குக் கொடுத்தது. கருவி தூளைச் சூடேற்றி, கிளம்பிய ஆவியைப் பிரித்து, நிறை பார்த்து, முடிவைப் பூமிக்கு அனுப்பியது. குளோரோமீத்தேன் இருந்தது. டைகுளோரோமீத்தேன் இருந்தது. டிரைகுளோரோமீத்தேனும் இருந்தது. எல்லாமே கார்பனும் குளோரினும் சேர்ந்த எளிய கரிமச் சேர்மங்கள்.

அந்த நாட்களில் திட்ட விஞ்ஞானி ஜான் க்ரோட்சிங்கர் அமெரிக்கப் பொது வானொலியிடம், வரலாற்றில் இடம்பெறத்தக்க தரவு வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார். உலகெங்கும் ஊகம் கிளம்பியது. டிசம்பர் 3 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நடந்த அமெரிக்கப் புவி இயற்பியல் ஒன்றியக் கூட்டத்தில் குழு விளக்கம் கொடுத்தது: குளோரின் செவ்வாயுடையது, கார்பன் செவ்வாயுடையதா, பூமியிலிருந்து கருவியோடு போனதா என்று இப்போது சொல்ல இயலாது.

கார்பன் யாருடையது என்ற அந்தக் கேள்விக்கு விடை காண ஆண்டுக்கணக்கில் ஆனது. அது எப்படிக் கிடைத்தது என்பதே இந்த ஆய்வு. கோள்களுக்கு அனுப்பும் வேதிக் கருவிகளைப் பற்றிப் பேசும்போது எவ்வளவு நுட்பமாக அளக்கும், எவ்வளவு எடை குறைவு என்றுதான் பெரும்பாலும் கேட்கிறோம். சாமின் அனுபவத்தைப் பார்த்தால் அவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: கருவி தன்னுடைய அழுக்கை எவ்வளவு துல்லியமாக அறிந்து வைத்திருக்கிறது? ஒரு முழு ஆய்வுக்கூடத்தை ஒரு பெட்டிக்குள் அடக்கும்போது அந்தக் கேள்வி பல மடங்கு கடினமாகிவிடுகிறது.

வைக்கிங் விட்டுச்சென்ற கணக்கு

இந்த மூன்றில் முதல் இரண்டு சேர்மங்கள் முன்பும் ஒருமுறை வந்திருக்கின்றன. 1976 ஜூலை 20 அன்று நாசாவின் வைக்கிங் 1 தரையிறங்கி செவ்வாயின் கிரைசி சமவெளியிலும், செப்டம்பர் 3 அன்று வைக்கிங் 2 யுடோபியா சமவெளியிலும் இறங்கின. இரண்டிலும் எம்ஐடியின் கிளாஸ் பீமன் தலைமையில் உருவான ஜிசி-எம்எஸ் கருவி இருந்தது. ஜிசி என்பது ஆவிக் கலவையை நீண்ட மெல்லிய குழாய் வழியே செலுத்தி, ஒவ்வொரு சேர்மமும் வெவ்வேறு நேரத்தில் வெளிவரும்படி பிரிப்பது. எம்எஸ் என்பது வெளிவந்ததை அயனியாக்கி, உடைத்து, துண்டுகளின் நிறையைக் கொண்டு இன்னதென்று அடையாளம் காண்பது. பூமியில் ஓர் அறையை அடைத்துக்கொண்டிருந்த அந்த இணைப்பை எழுபதுகளிலேயே ஒரு தரையிறங்கிக்குள் வைத்தது இன்றைக்கும் வியக்கத்தக்க பொறியியல்.

மண்ணை 500 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினார்கள். நீராவி வந்தது, கார்பன் டைஆக்சைடு வந்தது. முதல் இடத்தில் நூறு கோடியில் 15 பங்கு என்ற அளவில் குளோரோமீத்தேன் வந்தது. இரண்டாம் இடத்தில் நூறு கோடியில் 0.04 முதல் 40 பங்கு வரை டைகுளோரோமீத்தேன் வந்தது. இவை கருவியைக் கழுவப் பயன்படுத்திய கரைப்பான்களின் எச்சம் என்று முடிவாயிற்று. செவ்வாய் மண்ணில் கரிமச் சேர்மமே இல்லை என்ற கருத்து வேரூன்றியது. செவ்வாயில் அடுத்த தரையிறங்கி 1997இல்தான் வெற்றிகரமாக இறங்கியது. அந்த நீண்ட இடைவெளிக்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது என்றாலும், அந்த முடிவின் நிழல் அதில் இருந்தது என்றே நினைக்கிறேன்.

அந்த முடிவில் ஒரு சிறு இடைவெளி இருந்தது. மண் எதுவும் இல்லாமல் வெற்று அடுப்பைச் சூடாக்கிப் பார்க்கும் ஓட்டத்தை ஆய்வுக்கூடத்தில் பிளாங்க் என்போம். வைக்கிங்கின் பிளாங்க் ஓட்டங்களில் இந்தச் சேர்மங்கள் இந்த அளவுக்குத் தென்பட்டிருக்கவில்லை. கழுவிய கரைப்பான்தான் காரணம் என்றால் வெற்று அடுப்பிலும் அது வந்திருக்க வேண்டும். ஆனால் அப்போது மண்ணில் என்ன நடக்கிறது என்பதற்கு வேறு விளக்கம் யாரிடமும் இல்லை. இருந்த ஒரே விளக்கத்தை ஏற்றுக்கொண்டார்கள். பீமனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை; அவர் கையில் இருந்த வேதியியலில் ஒரு முக்கியமான உப்பு விடுபட்டிருந்தது.

அந்த உப்பு 2008இல் கிடைத்தது. மே 25 அன்று செவ்வாயின் வடதுருவப் பகுதியில் இறங்கிய பீனிக்ஸ், மண்ணைத் தண்ணீரில் கரைத்து அயனிகளை அளக்கும் சிறு கலன்களைக் கொண்டுபோயிருந்தது. நைட்ரேட்டுக்காக வைத்த மின்முனை ஒன்று மிகப் பெரிய சமிக்ஞையைத் தந்தது. அது உண்மையிலேயே நைட்ரேட் என்றால், கலனில் போட்ட மண்ணைவிட நைட்ரேட்டின் எடை அதிகமாக இருந்திருக்க வேண்டும்! அந்த மின்முனை பெர்குளோரேட்டுக்கு நைட்ரேட்டைவிட மிக வலுவாக எதிர்வினை காட்டும் வகை. மைக்கேல் ஹெக்ட் குழுவின் கணக்குப்படி மண்ணில் 0.4 முதல் 0.6 விழுக்காடு பெர்குளோரேட் இருந்தது.

பெர்குளோரேட் குளிரில் சாதுவான உப்பு. சூடாக்கினால் ஆக்சிஜனையும் குளோரினையும் கக்கும். கரிமச் சேர்மத்தைத் தேடி மண்ணைச் சூடாக்கும் கருவிக்கு இதைவிடத் தொல்லையான துணை இருக்க முடியாது; தேடும் பொருளை அடுப்பிலேயே எரித்துவிடும். 2010இல் மெக்சிகோவின் ரஃபேல் நவாரோ-கொன்சாலேஸ் குழு, சிலியின் அட்டகாமா பாலைவன மண்ணில் ஒரு விழுக்காடு மக்னீசியம் பெர்குளோரேட்டைக் கலந்து சூடாக்கியது. மண்ணில் இருந்த கரிமம் கிட்டத்தட்ட முழுக்க நீராகவும் கார்பன் டைஆக்சைடாகவும் போயிற்று. எஞ்சிய சிறு பகுதி குளோரோமீத்தேனாகவும் டைகுளோரோமீத்தேனாகவும் வெளிவந்தது. வைக்கிங் கண்ட அதே இரட்டையர். பீமன் இந்த மறுவாசிப்பை ஏற்கவில்லை. 2011இல் ஜெஃப்ரி படாவுடன் சேர்ந்து எழுத்தில் மறுத்தார். இந்த விவாதம் முடியாமல் இருக்கும்போதே, 2011 நவம்பர் 26 அன்று சாமைச் சுமந்துகொண்டு க்யூரியாசிட்டி கிளம்பிவிட்டது.

நாற்பது கிலோவில் ஓர் ஆய்வுக்கூடம்

சாம் ஏறத்தாழ ஒரு மைக்ரோவேவ் அடுப்பின் அளவு. எடை 40 கிலோ. ரோவரில் உள்ள அறிவியல் கருவிகள் அனைத்தின் எடையில் பாதிக்கு மேல் இது ஒன்றே. நாசாவின் காடர்ட் மையத்தில் பால் மஹாஃபி தலைமையில் உருவானது. உள்ளே மூன்று கருவிகள்: நான்கு உலோகத் தண்டுகளுக்கு இடையே மாறும் மின்புலத்தில் குறிப்பிட்ட நிறையுள்ள அயனியை மட்டும் கடக்க விடும் நான்முனை நிறைமானி, பிரெஞ்சு ஆய்வுக்கூடங்கள் கொடுத்த ஆறு குழாய்கள் கொண்ட ஜிசி, மீத்தேன் போன்ற வாயுக்களை லேசர் ஒளியால் அளக்கும் நிறமாலைமானி. மங்கள்யானில் போன மென்கா கருவியும் நான்முனை வகைதான். ஆனால் அது சுற்றுப்பாதையில் இருந்தபடி மெல்லிய வெளிமண்டல வாயுவை நேரடியாக முகர்ந்தால் போதும். சாமுக்குப் பாறை வேண்டும், பாறைக்கு அடுப்பு வேண்டும், அடுப்பிலிருந்து வரும் ஆவிக்குக் குழாய் வேண்டும், குழாய்க்கு ஹீலியம் வேண்டும், நிறைமானிக்கு வெற்றிடம் வேண்டும்.

அந்த வெற்றிடத்துக்காக நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்று வரை சுழலும் சிறு பம்புகள். வாயுவை அங்கும் இங்கும் திருப்ப 52 நுண்வால்வுகள். ஏறத்தாழ 1000 டிகிரிக்கு இலக்கு வைத்த இரண்டு அடுப்புகள். அடுப்புக்குத் தூளைக் கொண்டுபோக இரண்டு வளையமாக அடுக்கிய சுழல்மேடை, அதில் 74 கிண்ணங்கள். இத்தனையும் அணுசக்தி மின்கலம் கொடுக்கும் நூறு வாட் சொச்சத்தை மற்றக் கருவிகளோடு பங்கிட்டுக்கொண்டு ஓட வேண்டும். பூமியில் ஒரு ஜிசி-எம்எஸ் முன்னால் உட்கார்ந்தவருக்குத் தெரியும்: ஊசி போட ஒரு கை, சீல் மாற்ற ஒரு கை, சந்தேகம் வந்தால் குழாயைக் கழற்றிச் சூளையில் சுட ஒரு நாள். சாமில் எந்தக் கையும் இல்லை.

74 கிண்ணங்களில் 59 குவார்ட்ஸ் கிண்ணங்கள். சுட்டுத் தூய்மையாக்கி மறுபடியும் பயன்படுத்தலாம். ஆறு அளவுத்திருத்தத்துக்கு. மீதி ஒன்பது உலோகக் கிண்ணங்கள், வாயில் மெல்லிய தகடு வைத்து மூடியவை, உள்ளே திரவ வேதிப்பொருள். ஏழில் எம்டிபிஎஸ்டிஎஃப்ஏ என்று சுருக்கமாகச் சொல்லும் சேர்மமும் அதன் கரைப்பானும். இரண்டில் மெத்தனாலில் கரைத்த டிஎம்ஏஎச் என்ற இன்னொரு சேர்மம்.

திரவம் எதற்கு? அமினோ அமிலம், கொழுப்பு அமிலம் போன்றவற்றை வெறுமனே சூடாக்கினால் ஆவியாகாமல் உடைந்துபோகும், அல்லது குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டு நிறைமானியை எட்டாமலே போகும். எம்டிபிஎஸ்டிஎஃப்ஏ அவற்றின் ஒட்டும் முனையில் சிலிக்கன் கொண்ட ஒரு தொகுதியைப் பூட்டிவிடும். முனை மூடப்பட்டதும் மூலக்கூறு எளிதில் ஆவியாகி, குழாயைச் சிக்கல் இல்லாமல் கடந்துவிடும். உயிர் வேதியியலுக்கு நெருக்கமான மூலக்கூறுகளைத் தேடும் கருவிக்கு இது உயிர்நாடி.

நிகழ்வின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று கருதுகிறேன். பூமியில் இந்தத் திரவம் ஒரு குளிர்பெட்டியில் இருக்கும், மாதிரி வேறு மேசையில் இருக்கும், கருவி வேறு அறையில் இருக்கும். சிறிதாக்கும்போது இந்த மூன்றும் ஒரே மூடிய அறைக்குள் வந்துவிடுகின்றன. எதிர்வினையாற்றுவதற்காகவே தேர்ந்தெடுத்த ஒரு கரிமத் திரவம், கரிமமே இருக்கக் கூடாத தூள்கிண்ணங்களுக்குப் பக்கத்தில் பல ஆண்டுகள் இருக்கப்போகிறது. இடையில் இருப்பது ஒரு தகட்டு மூடி. எடையையும் இடத்தையும் மிச்சப்படுத்திய அதே முடிவுதான் ஆபத்தையும் உள்ளே கொண்டுவந்தது.

கசிவு

செவ்வாயில் சாம் ஓட்டிய முதல் பிளாங்க் ஓட்டங்களிலேயே எம்டிபிஎஸ்டிஎஃப்ஏயின் சிதைவுப் பொருள்கள் தென்பட்டன. எந்தக் கிண்ணத்தின் தகட்டையும் யாரும் துளைக்கவில்லை. மூடிய கிண்ணம் ஒன்றாவது கசிந்து, ஆவி சுழல்மேடை அறையெங்கும் பரவியிருந்தது.

ராக்நெஸ்டில் நடந்ததை டேனியல் கிளாவின் தலைமையிலான குழு 2013இல் விரித்துச் சொன்னது. மணலில் இருந்த பெர்குளோரேட் சூட்டில் உடைந்து குளோரினைத் தந்தது. பக்கத்தில் மிதந்த எம்டிபிஎஸ்டிஎஃப்ஏ ஆவி கார்பனைத் தந்தது. இரண்டும் அடுப்பில் சந்தித்துக் குளோரோமீத்தேன்களைப் பெற்றெடுத்தன. அதே சேர்மம், அதே வேதியியல், ஆனால் கார்பன் பூமியில் நிரப்பிக் கொண்டுபோனது. வைக்கிங் விவகாரத்தில் பூமியின் அழுக்கு என்று முடிவுகட்டியது பிழையாக இருந்திருக்கலாம் என்று எல்லோரும் சொல்லத் தொடங்கிய நேரத்தில், சாமில் அது உண்மையிலேயே பூமியின் அழுக்காக இருந்தது.

இந்த இடத்தில் குழு எடுத்த நிலைப்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். கசிவை மறைக்கவில்லை, மழுப்பவும் இல்லை. அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் வழிகளை ஒவ்வொன்றாகக் கட்டினார்கள். தூள் வாங்கும் முன் கிண்ணத்தை அடுப்பில் வைத்துச் சுட்டார்கள். ஒவ்வொரு பாறைக்கும் அதே வெப்பத் திட்டத்தோடு பிளாங்க் ஓட்டினார்கள். ஒரே பாறையிலிருந்து ஒரு பங்கு, மூன்று பங்கு என்று அளவை மாற்றிப் பார்த்தார்கள். சமிக்ஞை பாறையிலிருந்து வந்தால் தூள் கூடும்போது அது கூட வேண்டும், அறையின் ஆவியிலிருந்து வந்தால் அப்படிக் கூட வேண்டிய அவசியமில்லை. காடர்டில், செவ்வாய்ச் சூழலை உருவாக்கிய கலனுக்குள் சாமின் இரட்டைக் கருவி ஒன்று இருக்கிறது. சந்தேகம் வந்ததையெல்லாம் அதில் ஓட்டிச் சரிபார்க்க முடிந்தது.

கம்பர்லேண்ட்

2013 பிப்ரவரியில் யெல்லோநைஃப் விரிகுடா என்று பெயரிட்ட பகுதியில், ஒரு பழைய ஏரியின் அடித்தளச் சேற்றுப்பாறையில் ரோவர் துளையிட்டது. செவ்வாயின் பாறைக்குள் துரப்பணம் போட்டுத் தூள் எடுத்தது அதுவே முதல் முறை. அந்தத் துளைக்கு ஜான் க்ளைன் என்று பெயர். மே மாதத்தில் அங்கிருந்து மூன்று மீட்டருக்குள்ளேயே இரண்டாவது துளை, கம்பர்லேண்ட். ஆழம் ஆறரை சென்டிமீட்டர் மட்டும்.

கம்பர்லேண்ட் தூளில் குளோரோபென்சீன் வந்தது: நூறு கோடியில் 150 முதல் 300 பங்கு. கூடவே இரண்டு முதல் நான்கு கார்பன் கொண்ட டைகுளோரோ சேர்மங்கள். 2014 டிசம்பரில் அறிவித்து 2015இல் கரோலின் ஃப்ரைசினே தலைமையில் வெளியான இந்த ஆய்வில், எண்ணைவிட வாதம்தான் முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

குளோரோபென்சீன் சாமுக்குள்ளேயே உண்டாக ஒரு வழி இருந்தது, அது அவர்களுக்குத் தெரியும். அடுப்பிலிருந்து வரும் ஆவியை ஜிசிக்கு அனுப்பும் முன் பிடித்து வைக்க ஒரு பொறி இருக்கிறது. அதில் டெனாக்ஸ் என்ற பாலிமர் இருக்கிறது. டெனாக்ஸின் கட்டமைப்பில் பென்சீன் வளையங்கள் உண்டு. சூட்டில் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி பட்டால் அதிலிருந்தே குளோரோபென்சீன் கிளம்பலாம். ஆக இரண்டு சந்தேகத்துக்குரிய ஆட்கள்: கசிந்த திரவம், பொறியில் உள்ள பாலிமர்.

முதலாவதாக, பிளாங்க் ஓட்டங்களிலும் ராக்நெஸ்டிலும் ஜான் க்ளைனிலும் வந்த அளவு மிகக் குறைவு. கம்பர்லேண்டில் பல மடங்கு. கசிந்த ஆவி எல்லா ஓட்டத்திலும் இருந்தது, டெனாக்ஸும் எல்லா ஓட்டத்திலும் இருந்தது. மாறியது பாறை மட்டுமே. அடுத்து, சாமில் இன்னொரு பாதை உண்டு: அடுப்பிலிருந்து வரும் ஆவியைப் பொறிக்குப் போகாமல் நேரே நிறைமானிக்கு அனுப்புவது. அந்தப் பாதையிலும் குளோரோபென்சீனுக்கு உரிய நிறைத் துண்டுகள் தெரிந்தன. டெனாக்ஸை ஆவி தொடவே இல்லை. பிறகு டெனாக்ஸைக் குற்றம் சொல்ல வழியில்லை. கார்பன் செவ்வாயுடையது.

ஒரே கருவிக்குள் இரண்டு தனிப் பாதைகள் வைத்த வடிவமைப்புதான் இந்த விடையைக் காப்பாற்றியது. எடையைக் குறைக்க வேண்டும் என்று அந்த நேர்ப்பாதையை வெட்டியிருந்தால், குளோரோபென்சீன் இன்றைக்கும் சந்தேகக் கூண்டில் நின்றிருக்கும்.

மூன்று மீட்டர் தள்ளி உள்ள ஜான் க்ளைனில் இல்லாதது கம்பர்லேண்டில் ஏன் என்பதற்கு முழு விடை இல்லை. ஆனால் கம்பர்லேண்ட் நல்ல இடம் என்று நினைக்க ஒரு காரணம் உண்டு, அதையும் சாமே அளந்தது. செவ்வாய்க்குத் தடித்த காற்றுமண்டலமும் இல்லை, உலகளாவிய காந்தப்புலமும் இல்லை. அண்டக் கதிர்கள் பாறையின் மேல்பகுதிக்குள் புகுந்து கரிம மூலக்கூறுகளை உடைக்கும். அந்தக் கதிர்கள் பாறையில் ஹீலியம்-3, நியான்-21, ஆர்கான்-36 ஆகியவற்றையும் உண்டாக்கும். கென்னத் ஃபார்லி குழு சாமின் நிறைமானியால் அவற்றை அளந்து, இந்தப் பாறை மேற்பரப்புக்கு வந்து ஏறத்தாழ 7.8 கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன, பிழை வரம்பு 3 கோடி, என்று கணக்கிட்டது. பல நூறு கோடி ஆண்டுப் பழைமையான படிவுக்கு அது மிகச் சிறிய வெளிப்பாடு. மேலே மூடியிருந்த அடுக்கைக் காற்று அரித்து ஓரத்திலிருந்து பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போயிருக்கிறது. துளையை எங்கே போடுவது என்று முடிவுசெய்ய இது ஒரு வழிகாட்டி.

இந்த முடிவுக்குப் பிறகு பழைய கணக்கையும் திரும்பிப் பார்த்தார்கள். 2018இல் மெலிசா குஸ்மான் குழு வைக்கிங்கின் தரவை மறுபடி அலசி, வைக்கிங் 2 முடிவுகளில் குளோரோபென்சீனின் தடயம் இருப்பதாகச் சொன்னது. பூமியிலிருந்து போனதாக இருக்கும் சாத்தியத்தை அவர்களும் முழுக்க ஒதுக்கவில்லை.

வெப்பத்தை வடிகட்டியாக்கியது

அதே 2018 ஜூனில் ஜெனிஃபர் ஐகன்ப்ரோடு தலைமையில் வெளியான முடிவு வேறொரு தந்திரத்தைக் காட்டியது. பாரம்ப் ஹில்ஸ் பகுதியில் எடுத்த மொஹாவி, கான்ஃபிடன்ஸ் ஹில்ஸ் என்ற இரு மாதிரிகளை, குறைந்த வெப்பத்தில் வருவதையெல்லாம் விட்டுவிட்டு, 500 டிகிரிக்கு மேல் என்ன வருகிறது என்று மட்டும் பார்த்தார்கள். எம்டிபிஎஸ்டிஎஃப்ஏயின் குப்பை பெரும்பாலும் அதற்கு முன்பே கிளம்பிப் போய்விடும். பெர்குளோரேட்டின் ஆக்சிஜனும் அதற்குள் ஓய்ந்துவிடும். எஞ்சியிருந்து 820 டிகிரி வரை வந்தவை தையோஃபீன்களும் வேறு கந்தகக் கரிமச் சேர்மங்களும். பெரிய, கடினமான, கந்தகத்தால் பிணைந்த கரிமப் பொருள் பாறைக்குள் இருந்து உடைந்து வருகிறது என்பதற்கு அது நல்ல சான்று. கந்தகப் பிணைப்பு அதைக் காலத்திலிருந்து காப்பாற்ற உதவியிருக்கலாம்.

துரப்பணம் நின்றபோது

2016 டிசம்பர் 1 அன்று துரப்பணத்தை முன்னுக்குத் தள்ளும் மோட்டார் பழுதானது. புதிய முறையில், துரப்பண முனையை நீட்டி வைத்தபடி ரோவரின் இயந்திரக் கையாலேயே அழுத்தித் துளையிட 2018 மே மாதம் வரை ஆனது. அந்த இடைக்காலத்தில்தான், 2017 டிசம்பரில், எம்டிபிஎஸ்டிஎஃப்ஏ கிண்ணம் ஒன்றின் தகட்டை முதன்முறையாக வேண்டுமென்றே துளைத்தார்கள். தூள் பாறையிலிருந்து வரவில்லை. ஓகன்க்விட் பீச் என்று பெயரிட்ட மணல்குன்றிலிருந்து முன்பு அள்ளி வைத்தது. மேவா மிலான் தலைமையில் 2021இல் வெளியான முடிவில் பென்சாயிக் அமிலத்தின் வழிப்பொருள் உள்ளிட்டவை இருந்தன. அமினோ அமிலம் இல்லை. மணல்குன்றில் அதைப் பெரிதாக யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் இறங்கி ஐந்தாண்டுக்குப் பிறகாவது, இந்தக் கருவி வடிவமைத்த விதத்தில் செவ்வாயில் வேலைசெய்யும் என்பது உறுதியானது. டிஎம்ஏஎச் கிண்ணம் ஒன்று 2020இல், களிமண் நிறைந்த க்ளென் டாரிடன் பகுதியின் மேரி ஆனிங் துளைக்காகத் திறந்தது.

இதற்கிடையே கசிவையே வேலைக்கு வைத்துக்கொள்ளும் எண்ணமும் வந்திருந்தது. கம்பர்லேண்ட் தூளில் ஒரு பகுதியை ரோவர் பத்திரமாகச் சுமந்துகொண்டிருந்தது. கிண்ணத்தில் போட்ட தூளை, அறையில் ஏற்கெனவே மிதந்துகொண்டிருக்கும் எம்டிபிஎஸ்டிஎஃப்ஏ ஆவியில் ஊறவிட்டுப் பிறகு சூடாக்கினால் என்ன? கிண்ணம் எதையும் செலவழிக்காமல் முனை மூடும் வேதியியல் நடக்கும். மாசு என்று மாதக்கணக்கில் கழித்துக்கொண்டிருந்ததை வினைப்பொருளாக எடுத்துக்கொண்ட இந்தத் துணிவு, அதன் நடத்தையை அதற்குள் நன்றாக அளந்து வைத்திருந்ததால் மட்டுமே சாத்தியமாயிற்று.

மீத்தேன் விவகாரத்தையும் ஒரு வரியில் தொட்டுவிடுகிறேன், ஏனென்றால் அங்கும் இதே கேள்வி. சாமின் லேசர் நிறமாலைமானி செவ்வாய்க் காற்றில் மிகச் சிறிதளவு மீத்தேனை அளந்திருக்கிறது. சுற்றுப்பாதையில் உள்ள டிரேஸ் கேஸ் ஆர்பிட்டர் அதைக் காணவில்லை. லேசருக்கு முன்னால் உள்ள ஒளியியல் அறைக்குள் பூமிக் காற்றின் மீத்தேன் கொஞ்சம் அடைபட்டுப் போயிருந்தது என்பது குழுவே சொன்ன செய்தி. அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. குளோரோபென்சீனுக்கு இருந்தது போன்ற இரண்டாவது பாதை அங்கு இல்லாததுதான் விவாதம் நீள்வதற்கு ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

டெக்கேன், அன்டெக்கேன், டோடெக்கேன்

2025 மார்ச்சில் ஃப்ரைசினே குழு மறுபடியும் கம்பர்லேண்டுக்கு வந்தது. துளையிட்டு ஏறத்தாழ 12 ஆண்டுகள். பெரிய மூலக்கூறுகளுக்கு ஏற்றபடி ஓட்டத்தை மாற்றி அமைத்து, தூளை இருமுறை சூடாக்கினார்கள். தேடியது அமினோ அமிலம். அது கிடைக்கவில்லை. கிடைத்தவை 10, 11, 12 கார்பன்கள் சங்கிலியாகக் கோத்த டெக்கேன், அன்டெக்கேன், டோடெக்கேன். அளவு சில பத்து பிக்கோமோல். ஒரு பிக்கோமோல் என்பது ஒரு மோலில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. அதுவரை கேல் பள்ளத்தின் பாறைகளில் உறுதியான குளோரின், கந்தகக் கரிமச் சேர்மங்களில் ஆறு கார்பனுக்கு மேல் இருந்ததில்லை.

இங்கும் மூலக்கூறைக் கண்டதோடு நிற்கவில்லை. இந்தச் சங்கிலிகள் பாறையில் இப்படியே இருந்தனவா, அடுப்பில் உண்டாயினவா? ஒரு கொழுப்பு அமிலம் கார்பன் டைஆக்சைடை இழந்தால் ஒரு கார்பன் குறைந்த ஆல்கேன், அதாவது கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் கொண்ட சங்கிலி, மிஞ்சும். அன்டெக்கனோயிக் அமிலத்தைச் செவ்வாய்க் களிமண்ணை ஒத்த மண்ணோடு கலந்து, சாமின் நிலைமைகளில் ஆய்வுக்கூடத்தில் சூடாக்கினார்கள். எதிர்பார்த்தபடி டெக்கேன் வந்தது. ஆகவே பாறையில் இருந்தவை 11, 12, 13 கார்பன் கொண்ட கொழுப்பு அமிலங்களாக இருக்கலாம் என்ற கருத்துக்கு வலு சேர்ந்தது. கொழுப்பு அமிலம் என்றதும் செல் சவ்வு நினைவுக்கு வரும். ஆனால் உயிர் இல்லாமலும், பாறையும் நீரும் வினைபுரியும் வெந்நீர் ஊற்றுகளில் அது உண்டாகும். குழுவும் மூலத்தைத் திறந்த கேள்வியாகவே விட்டது.

கேள்வியை மூட ஒரு வழி உண்டு, அது சாமின் எல்லைக்கு வெளியே இருக்கிறது. உயிர்கள் கொழுப்பு அமிலத்தை இரண்டிரண்டு கார்பனாகச் சேர்த்துக் கட்டுகின்றன. அதனால் பூமியில் இரட்டைப்படை எண்ணிக்கை தூக்கலாகத் தெரியும். உயிரில்லா வேதியியலில் அந்தச் சாய்வு எதிர்பார்ப்பதற்கில்லை. ஆனால் மூன்று சங்கிலிகளை வைத்து அந்த வடிவத்தைப் படிக்க முடியாது. இன்னும் நீண்ட சங்கிலிகள் வேண்டும், அவற்றைச் சாமின் குழாய் அமைப்பு கடத்துவதே கடினம்.

அந்த வேலை ஐரோப்பிய விண்வெளி முகமையின் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் ரோவரில் போகவிருக்கும் மோமா கருவிக்குக் காத்திருக்கிறது. ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் சூரியக் குடும்ப ஆய்வு நிறுவனத்தின் தலைமையில் உருவான அதன் எடை சுமார் 11.5 கிலோ, சாமில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. 32 சிறு அடுப்புகள், அவற்றில் 12 திரவ வேதியியலுக்கு. எம்டிபிஎஸ்டிஎஃப்ஏயும் டிஎம்ஏஎச்சும் அதிலும் போகின்றன. ஆனால் மோமாவுக்கு அடுப்பே இல்லாத ஒரு பாதையும் இருக்கிறது: தூளின் மேல் செவ்வாயின் சொந்தக் காற்றழுத்தத்திலேயே லேசர் துடிப்பை அடித்து, கிளம்பும் அயனிகளை நேரே, அவற்றைப் பிடித்து வைத்து நிறை பார்க்கும் அயனிப் பொறிக்குள் இழுப்பது. துடிப்பு அவ்வளவு குறுகியது என்பதால் பெர்குளோரேட் உடைந்து ஆக்சிஜன் கக்கிக் கரிமத்தை எரிக்க நேரம் கிடைப்பதில்லை. நிறை வரம்பு 1000 டால்டன் வரை (ஒரு ஹைட்ரஜன் அணுவின் நிறை ஏறத்தாழ ஒரு டால்டன்). துரப்பணம் 2 மீட்டர் ஆழத்திலிருந்து தூள் எடுக்கும். கம்பர்லேண்டின் ஆறரை சென்டிமீட்டரோடு ஒப்பிட்டால், அண்டக் கதிர்கள் எளிதில் எட்டாத ஆழம் அது. 2022இல் கிளம்ப வேண்டிய அந்த ரோவர், உக்ரைன் போரை அடுத்து ரஷ்யாவுடனான கூட்டு முறிந்ததால் நின்றுபோனது. இப்போது 2028இல் ஏவுவதாகத் திட்டம்.